ஊமைக்காயம் என்றொரு சொல்

காவல்துறையின் அறம் பற்றிப் பேசுகிறவர்கள் விதிகளிலிருந்து தொடங்குகிறார்கள். தமிழ் படித்த எனக்கு ஒரு சொல்லிலிருந்துதான் தொடங்க முடிகிறது: ஊமைக்காயம்.

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் பிடித்துவைக்கப்பட்டார்கள். ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தது என்பது குற்றச்சாட்டு. 22 இரவு மகன் செத்தார். மறுநாள் காலை தகப்பன். முதல் தகவல் அறிக்கை சொன்ன கதை வேறு. இருவரும் தரையில் உருண்டு புரண்டார்களாம், அதில் ஊமைக்காயம் ஏற்பட்டதாம்.

இந்தக் கதையாடலில் எழுவாய், காயம். 'ஏற்பட்டது' என்பது செயப்பாட்டு வினைகூட இல்லை. செயப்பாட்டு என்றால் 'யாரால்' என்றாவது கேட்கலாம். அடிச்சது யாருன்னு கேக்க இங்கே இலக்கணமே இடம் தரவில்லை. வெளியே தெரியாத காயத்துக்கு ஜனங்கள் வைத்த பேரை எடுத்து, அந்தக் காயத்தின் வாயையே கட்டிவிட்டது அதிகாரத்தின் எழுத்து.

டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் 11 நெறிமுறைகள் வகுத்தது. கைதாகிறவர் கேட்டால் உடம்பிலுள்ள பெரிய, சிறிய காயங்களை அப்போதே பதிந்து, அவரும் போலீஸும் கையெழுத்திட வேண்டும். 48 மணி நேரத்துக்கொரு தரம் மருத்துவப் பரிசோதனை. முன்பே இருந்த காயம் எது, காவலில் வந்த காயம் எது என்று பிரிப்பதற்கான ஏற்பாடு இது. சாத்தான்குளத்து அறிக்கை இந்த நெறியை மீறியதோடு நிற்கவில்லை, அதைக் கற்றும் வைத்திருக்கிறது என்பதே என் வாசிப்பு. காயத்துக்கு ஒரு பூர்வகதை தேவை என்று தெரிந்த கைதான் இப்படி எழுதும்.

கேமராவும் இருந்தது. அன்றன்றைய பதிவு தானே அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்ததென்று, விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் உயர்நீதிமன்றத்துக்கு எழுதினார். (அவரையே ஒரு காவலர் 'உன்னால ஒண்ணும் புடுங்க முடியாதுடா' என்றார். ஒளிவுமறைவு இல்லாத வாக்கியம் என்று இதைத்தான் சொல்வேன்.)

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகளில் 'தாக்கப்பட்டார்', 'சித்திரவதைக்கு உள்ளாக்கப்பட்டார்' என்றே எழுதுகிறோம். வழக்குப் போடுவார்கள் என்ற பயம், பொய்யான பயமில்லை. 'யாரால்' என்ற கேள்விக்கு இடம் விடுகிறோம், பதிலை எழுதுவதில்லை. அவர்களைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான். அறம் என்ற சொல்லை மட்டும் தாராளமாகப் புழங்குகிறோம்.

அந்த நிலையத்திலிருந்து செய்வினையில் பேசியவர் ஒரு பெண் தலைமைக் காவலர். விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்தது என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். சொன்னதில் கையெழுத்துப் போடத்தான் தயங்கினார். வெளியே சக போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். நேரம் கழித்துப் போட்டார்.