கைகளை மறைக்கும் பட்டை

சென்னைக்கு அருகே வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பேட்டையில் ராயல் என்ஃபீல்டும் யமஹாவும் வண்டி செய்கின்றன. ஆனால் அந்த ஆலைகளுக்குள் செய்திக் கேமரா நினைத்தபோது நுழைய முடியாது. பெரும்பாலும் நிறுவனமே தரும் படம்தான் கிடைக்கும். இல்லாவிட்டால் கம்பெனி வாசல், ஷிஃப்ட் பஸ், சாலை. காட்சி இவ்வளவு அரிதாகக் கிடைக்கும் ஊரில், கிடைத்ததையும் எழுத்தால் மூடுகிறோம் என்பதுதான் என் குறை.

எடிட்டிங் மென்பொருளில் டைட்டில் தனி டிராக்கில், காட்சிக்கு மேலே உட்காரும். அதன் எந்தப் பகுதி கீழே இருப்பதை மறைக்கும், எது விட்டுக்கொடுக்கும் என்பதை ஆல்ஃபா சேனல் முடிவு செய்கிறது. டைம்லைனில் பார்த்தால் இரண்டும் வேறுவேறு. பார்வையாளருக்கு ஒரே படம். ஓவர்லே போன்ற கலப்பு முறையைப் போட்டால், கீழே உள்ள வெளிச்சத்துக்கு ஏற்ப எழுத்தின் நிறமும் மாறும். ஒரகடம் சாலையின் உச்சி வெயில் வானத்தில் வெள்ளை எழுத்து கரைந்துவிடும். அதற்குப் பயந்து தடித்த ஓரக்கோடு போட்டால் ழ, ணை போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைபடும். படத்தைச் சுருக்கி அனுப்பும்போது முதலில் போவது மெய்யெழுத்தின் புள்ளி. எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை போடும் வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது. அதைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன்.

பட்டை தன் வேலையைச் செய்யும் இடங்களும் உண்டு. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்கான சிப்காட் விடுதி திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம் என்பதை எந்த ட்ரோனாலும் காட்ட முடியாது. அடுக்குமாடிகள்மேல் அந்த எண்ணைப் போட்டால்தான் அளவு புரியும். அடுத்த மாதம் பக்கத்துச் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. சீருடையில் பந்தலுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லா நாளும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். இன்று எத்தனையாவது நாள் என்று எழுத்துதான் சொல்ல வேண்டும். சத்தத்தை அணைத்துவிட்டுச் செல்போனில் பார்ப்பவருக்கும், காது கேளாதவருக்கும் எழுத்து இல்லாமல் செய்தியே இல்லை.

சிக்கல் இடத்தில் இருக்கிறது. பெயர்ப்பட்டை திரையின் கீழ்ப்பகுதிக்கு வந்தது பேட்டிகளுக்காக. அமைச்சர் பேசும்போது அது மறைப்பது சட்டைப் பொத்தானை. அதே வார்ப்புருவை அசெம்பிளி லைன் காட்சிமேல் போட்டுப் பாருங்கள்: கன்வேயர், கருவி, விரல்கள் எல்லாம் கீழ்ப்பகுதியில்தான் இருக்கின்றன. கீழே ஓடும் செய்தி, அதற்குமேல் தலைப்பு என்று இரண்டு அடுக்கு ஏறினால் மிச்சம் தொப்பியும் மாஸ்க்கும்தான். உழைப்பைப் பற்றிய செய்தி, உழைப்பு தெரியாத படத்தோடு போகிறது. ஆலைகளின் பாதுகாப்புப் பயிற்சிப் படங்களுக்கு இது இன்னும் ஆபத்து. தமிழ், இந்தி என்று இரண்டு வரி ஏற்றினால், கை எங்கே இருக்கக் கூடாது என்று காட்டவேண்டிய இடமே மறைந்துவிடும்.

சினிமாவிலும் இதே சிக்கல் உண்டு. புகைக்கும் காட்சியில் வரும் எச்சரிக்கைக்கு அரசு விதியே வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து என்கிறது. அதை ஏற்காமல் இயக்குநர் வுடி ஆலன் 2013-இல் ‘ப்ளூ ஜாஸ்மின்’ படத்தை இந்தியாவில் வெளியிடவில்லை. அது கொஞ்சம் மிகைதான். ஆனால் மேலே வைக்கும் எழுத்து கீழே உள்ள படத்தை மாற்றுகிறது என்பதில் அவர் தவறவில்லை. ஒரே ஆலை வாசல் காட்சிமேல் ஒருநாள் ‘புதிய முதலீடு’, மறுநாள் ‘சாலை மறியல்’ என்று எழுதலாம். வாசல் இரண்டுக்கும் சாட்சி சொல்லும். கோப்புக் காட்சி என்ற குறிப்பை மூலையில் பொடி எழுத்தில் போடுவது இந்த விஷயத்தில் நேர்மையாகாது. தலைப்பின் அளவுக்கே அதுவும் இருக்கவேண்டும்.

தீர்வு மென்பொருளிலேயே இருக்கிறது. ஆலைக் காட்சிகளுக்குப் பட்டையை மேலே ஏற்றும் தனி வார்ப்புரு ஒன்று. பயிற்சிப் படங்களுக்கு மொழிக்கொரு தனி சப்டைட்டில் கோப்பு. ரெண்டர் செய்துவிட்டால் எழுத்தைப் பிரித்தெடுக்க வழியில்லை என்பதால், எழுத்து ஏறாத பிரதி ஒன்றையும் சேமிக்கவேண்டும். ஹார்ட் டிஸ்க் செலவு கூடும் என்பார்கள். கூடட்டும், அந்த ஆலைக்குள் திரும்பப் போய் எடுக்க அனுமதி வாங்குவதைவிட அது மலிவு.