சூப்பர் மாரியோ 64: இடமும் நோக்குநிலையும் – ஒரு திறனாய்வு

வீடியோ விளையாட்டுகளைப் பற்றிய பேச்சில் இரு போக்குகள் மேலோங்கி நிற்கக் காணலாம். ஒன்று, இளையோரின் பொழுதையும் மனத்தையும் கெடுப்பன என்னும் கண்டனம். மற்றொன்று, தொழில்நுட்ப வியப்பு. முன்னது ஆடுபவரைப் பற்றியது. பின்னது கருவியைப் பற்றியது. படைப்பு எவ்வாறு கட்டப்பட்டுள்ளது, அக்கட்டமைப்பு எங்கே வெல்கிறது, எங்கே தளர்கிறது என்னும் திறனாய்வு வினாக்கள் இவ்விரண்டிற்கும் இடையில் எழுப்பப்படாமலே போகின்றன. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1996 சூன் 23இல் அந்நாட்டில் வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ 64’ என்னும் முப்பரிமாண விளையாட்டைக் கொண்டு அவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிகேரு மியாமோட்டோ இயக்கிய இவ்விளையாட்டு, மேட்டிலிருந்து மேட்டிற்குத் தாவியும் ஏறியும் செல்லும் ‘பிளாட்ஃபார்ம்’ வகையைச் சார்ந்தது. 1985இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டில் நாயகன் இடமிருந்து வலமாக ஒரு கோட்டில் ஓடினான். 1996இல் அக்கோடு எத்திசையும் திறந்த வெளியாயிற்று. கதையோ மிக மெலிந்தது. கேக் செய்து வைத்திருப்பதாகக் கடிதம் எழுதி மாரியோவைக் கோட்டைக்கு அழைக்கிறாள் இளவரசி பீச். அவன் வருவதற்குள் பௌசர் என்னும் பகைவன் அவளைச் சிறைப்படுத்தி, கோட்டையின் ஆற்றலாகிய விண்மீன்களைச் சுவரோவியங்களுக்குள் ஒளித்துவிடுகிறான். மொத்தம் 120 விண்மீன்கள். 70 கிடைத்தால் இறுதிப் போர். காப்பிய அளவுகோலைக் கையிலெடுப்பவர் இவ்விடத்திலேயே ஆய்வை முடித்துக்கொள்ளக்கூடும்.

ஆயின் அளவுகோல் பொருந்துகிறதா என்பதே முதல் வினா. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், பாடலுள் முதலினும் கருவும் கருவினும் உரியும் சிறந்தன என்றும் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. ஜப்பானிய விளையாட்டொன்றில் ஐந்திணையைத் தேடுவது வீண்வேலை. அது இங்குக் கருத்தன்று. அவ்வரிசை இப்படைப்பில் தலைகீழாக நிற்கிறது என்பதே கருதத்தக்கது. இங்கு உரிப்பொருள் பெயரளவிற்கே உள்ளது. பொருள் பிறப்பதெல்லாம் நிலத்திலும் பொழுதிலுமே.

சான்றுகள் சில. நீர்மட்டம் ஏறியிறங்கும் ஒரு களத்தினுள், அதன் ஓவியத்தை எந்த உயரத்தில் தொட்டு நுழைகிறோமோ அதற்கேற்பவே நீர் நிற்கிறது. மற்றொரு களம் கடிகாரம் ஒன்றின் உட்புறம். நிமிட முள் பன்னிரண்டில் நிற்கும்போது நுழைந்தால் உள்ளேயுள்ள பொறிகளெல்லாம் அசைவற்றுக் கிடக்கும். முள் வேறிடத்தில் இருந்தால் வேறு வேகத்தில் இயங்கும். ஒரே தீவு, நுழையும் ஓவியத்தைப் பொறுத்துப் பெரிதாகவும் சிறிதாகவும் அமைகிறது. கோட்டையின் நிலவறையில் இரு தூண்களை அமிழ்த்தினால் வெளியே அகழி வற்றிவிடுகிறது. நாயகன் யார், அவன் உள்ளம் என்ன என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவன் செயலுக்கு இடம் மறுமொழி கூறுகிறது. கதைமாந்தர் பேச வேண்டியதை இடம் பேசுவதாகக் கொள்ளலாம்.

இதனினும் நுட்பமானது நோக்குநிலை. முப்பரிமாண வெளியில் ஆடுபவர் எங்கிருந்து காண்கிறார் என்பது பெருஞ்சிக்கல். இவ்விளையாட்டு அதற்கு ஒரு பாத்திரத்தையே படைத்தது. லக்கிட்டு என்னும் உயிர், மேகத்தின்மீது அமர்ந்து, கழியில் கேமராவைத் தொங்கவிட்டபடி மாரியோவைப் பின்தொடர்கிறது. நாம் காண்பதெல்லாம் அதன் கண்வழிக் காட்சியே. இதைத் தொடக்கத்தில் அறிமுகம் செய்துவிட்டு மறக்கச் செய்கின்றனர். கோட்டையின் மேல்தளத்தில் கண்ணாடி பதித்த அறை ஒன்று உண்டு. அங்கே மாரியோவின் உருவத்துடன், பின்னால் மிதக்கும் லக்கிட்டுவின் உருவமும் கண்ணாடியில் தெரிகிறது. கதைசொல்லி தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும் உத்தியை நாவல்களில் விரிவாகப் பேசுகிறோம். அவ்வுத்தி இங்கு ஒரு சொல்லும் இன்றி நிகழ்கிறது. அதே அறையில் வெறுஞ்சுவராகத் தோன்றும் ஓரிடத்தில், கண்ணாடியில் மட்டும் ஓவியம் ஒன்று தெரியும். பிம்பத்தை நம்பி வெறுஞ்சுவரில் பாய்பவருக்கே பனிநிலக் களம் திறக்கும்.

வண்ணங்களைக் குறித்தும் ஒரு சொல். சிவப்பும் நீலமும் மஞ்சளும் பசுமையுமாகத் திரை நிறைந்திருப்பதைக் குழந்தைமை என்று ஒதுக்குவதுண்டு. நின்டெண்டோ 64 கருவியில் மேற்பரப்புப் படங்களுக்கான நினைவகம் 4 கிலோபைட் மட்டுமே. மாரியோவின் உடலில் கண், மீசை, பொத்தான் போன்றவை தவிரப் பெரும்பகுதி வெறும் வண்ணப் பரப்பே. வறுமையிலிருந்து தெளிவு பிறந்தது. தொலைவிலும் நாயகனைப் பிரித்தறிய முடிகிறது. அவன் நிழலும் அத்தகையதே. ஒளி எங்கிருந்து வந்தாலும் நிழல் அவன் காலடிக்கு நேர்கீழே விழும். இயற்கைக்கு மாறானது, ஆனால் தாவும்போது எங்கே இறங்குவோம் என்பதைக் காட்டுவது அந்நிழலே. உண்மைபோலிருத்தலைப் பயன்பாட்டிற்காக விட்டுக்கொடுத்த இம்முடிவு மிகச் சரியானது.

குறைகளும் சிறியனவல்ல. எந்த நோக்குநிலை இப்படைப்பின் பெருமையோ அதுவே அதன் இடர்ப்பாடும் ஆகும். குறுகிய இடங்களில் லக்கிட்டுவின் கேமரா சுவரில் முட்டி நின்றுவிடுகிறது. தாவ வேண்டிய விளிம்பு மறைகிறது. ஆடுபவர் தம் பிழையின்றி விழுகிறார். விண்மீன் கிட்டியதும் பெரும்பாலும் களத்திலிருந்து வெளியேற்றப்படுவதும் இடத்தோடு கொண்ட உறவை அறுக்கிறது. ‘பாஞ்சோ கசூயி’ (1998) ஒரு களத்திலேயே தங்கித் தேட இடமளித்து இதனைத் திருத்தியது. ஒவ்வொரு களத்திலும் நூறு காசுகள் திரட்டும் பணி, இறுதிக் களங்களில் சலிப்பையே தருகிறது. இளவரசியின் நிலையோ கண்டிக்கத்தக்கது. கோட்டை அவளுடையது, அதன் ஓவியங்களும் அவளுடையவை. ஆயினும் கடிதம் எழுதுவதற்கும் மீட்கப்படுவதற்கும் நன்றி கூறுவதற்குமே அவள் வருகிறாள். இடம் இத்துணைச் செறிவாகப் பேசும் ஒரு படைப்பில் இடத்திற்கு உரியவள் பேசாதிருப்பதை, வகைமையின் மரபு என்று கூறிக் கடந்துவிட இயலாது.

பாட வேறுபாடு நோக்கும் தமிழாய்வாளர்க்கு 2004இல் நின்டெண்டோ டிஎஸ் கருவிக்கு வந்த மறுபதிப்பு நல்ல ஒப்பீட்டுப் பொருளாகும். அதில் விண்மீன்கள் 150 ஆயின. யோஷி, லூயிஜி, வாரியோ ஆகிய மூவரும் ஆடத்தக்கவராயினர். எண்ணிக்கையால் அது விரிந்த பதிப்பு. ஆனால் மூலத்தில் சாய்க்கும் அளவிற்கேற்ப விரல்நுனி நடை, நடை, ஓட்டம் எனப் படிப்படியாக மாறச் செய்த கட்டைவிரற் குச்சி டிஎஸ் கருவியில் இல்லை. உறங்கும் பூச்செடி ஒன்றை எழுப்பாமல் நெருங்க, 1996இல் குச்சியை மெல்லச் சாய்த்து அடிமேல் அடி வைத்தோம். அந்த மென்மை கைக்கு உரியதாயிருந்தது. திசைப்பொத்தானை அழுத்தும்போது நடைக்கும் ஓட்டத்திற்கும் இடைப்பட்ட அந்நுண்படிகள் மறைந்துவிடுகின்றன. களங்கள் பெரும்பாலும் அவையே, வண்ணங்களும் ஏறத்தாழ அவையே. அவற்றினூடே நடப்பதோ வேறாகிவிட்டது.