வெனிவெல்: பருவுக்குச் சரி, நிறத்துக்கு?

குண்டசாலையிலிருந்து கண்டிவரை மஹியங்கனை வீதியோரக் கடைகளில், வெனிவெல் என்ற மூலிகைக் கொடியின் படம் போட்ட கிறீமோ ஃபேஸ்வாஷோ இல்லாத தட்டு அபூர்வம். பருவும் போகும், முகமும் வெளுக்கும் என்கின்றன டப்பாக்கள். முதல் பாதியில் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. மற்றது விளம்பரம்.

தமிழ்நாட்டு நாட்டுமருந்துக் கடைகளில் மரமஞ்சள் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பதும் இதே கொடிதான். சாம்பல் நிறப் பட்டையைச் சீவினால் உள்ளே பளீரென்று மஞ்சள். குறுக்கே வெட்டினால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் ஆரக்கால்கள். அவித்த நீர் வாயில் வைக்க முடியாத கசப்பு. கசப்புக்கும் நிறத்துக்கும் தண்டிலுள்ள பெர்பெரின் என்ற வேதிப்பொருள்தான் காரணம். பரு உண்டாக்கும் பாக்டீரியாவை ஆய்வுகூடத்தில் இது அடக்கியிருக்கிறது. புண்ணை வெனிவெல் அவித்த நீரால் கழுவும் நாட்டு வைத்தியமும் அதோடு ஒத்துப்போகிறது.

ஆனால் ஆய்வுகூடத் தட்டு வேறு, தோல் வேறு. கிறீமில் பெர்பெரின் எவ்வளவு, அது மயிர்க்காலின் அடிவரை இறங்குமா என்று எந்த டப்பாவும் சொல்வதில்லை. 1995இல் வெளியான ஓர் ஆய்வில் 4 வீத நியாசினமைட் ஜெல்லையும் கிளின்டமைசின் என்ற அன்டிபயோட்டிக்கின் 1 வீத ஜெல்லையும் பருவுள்ளவர்களுக்கே பூசி ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் பருவைக் குறைத்தன. வெனிவெல் விற்பவர்களும் அப்படியொரு ஒப்பீட்டைக் காட்டட்டும்.

நிறத்துக்கு வருவோம். நம் மாநிறத் தோலில் பரு ஆறிய இடம் கறுத்து நிற்கும். மாதக்கணக்கில் தானாகவே மங்கும். அந்தச் சமயத்தில் எதைப் பூசினோமோ அதற்குப் பேர் போய்ச்சேர்கிறது. பரு சீக்கிரம் அடங்கினால் தழும்பும் குறையும். வெனிவெல்லுக்கு அந்த மட்டில் பங்கு கொடுக்கலாம். பூசிக் கழுவியதும் கண்ணாடியில் தெரியும் பொலிவோ வெறும் சாயம். தலையணை உறையிலும் அதே பொலிவு ஒட்டிக்கொள்ளும்!

வீட்டில் அரைத்துப் பூசுகிறவர்கள் தேசிக்காய்ச் சாற்றைக் கலந்தால் பாதகம் கூடும். அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளித்து, வாரக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். கடையிலும் ஆபத்து உண்டு. மூலிகை என்ற பெயரில், தயாரிப்பாளர் முகவரியே இல்லாமல், ஒரே வாரத்தில் வெளுக்கும் என்று வரும் கிறீமில் பாதரசம் இருக்கலாம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கை 2017இலேயே சேர்ந்துவிட்டது. ஆனாலும் டப்பாவைப் பார்த்து உள்ளே பாதரசம் இருப்பதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

எனக்குப் பெரிய மனத்தாங்கல் காட்டைப் பற்றியது. சிங்கராஜ போன்ற ஈரக் காடுகளில் மரமேறி வளரும் இந்தக் கொடி தடிக்க வருடங்கள் பல ஆகும். ஆண் கொடி, பெண் கொடி வேறு வேறு. இரண்டும் பக்கத்தில் இருந்தால்தான் காய்க்கும். மருந்துக்கு எடுப்பது தண்டு என்பதால் வெட்டினால் கொடியே போச்சு. காய்ச்சலுக்குக் கொத்தமல்லியோடு அவிக்க ஒரு துண்டு என்றால் சரி. தராத வெண்மைக்காக மூட்டை மூட்டையாக வெட்டுவதை எப்படி நியாயப்படுத்துவது?

கொடி எங்கே வளர்க்கப்பட்டது, பெர்பெரின் எத்தனை வீதம் என்று அச்சிட்ட டப்பா வந்தால் பருவுக்கு நானே வாங்குவேன். நிறத்துக்கு சன்ஸ்கிறீன் போதும்.