அறுவைக்குப் பின் வரும் ஒழுங்குமுறை

ஒரு மூளைக்கட்டி ஆபத்தானதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் அது இருக்கும் இடமே முடிவு செய்கிறது. மூளைத்தண்டு கட்டைவிரல் பருமன்தான். மூச்சு, விழுங்குதல், கண்ணசைவு, விழிப்பு நிலை எல்லாவற்றையும் நடத்தும் நரம்புப் பாதைகள் அதற்குள் நெருக்கியடித்து ஓடுகின்றன. அங்கே மெதுவாக வளர்ந்து வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் கட்டியைத் தேர்ந்த கை அகற்றிவிடலாம். குழந்தைகளுக்கு வரும், தண்டு முழுக்க ஊடுருவிப் பரவும் கிளையோமா வகைக் கட்டியை எவராலும் அகற்ற முடியாது. கதிர்வீச்சுதான் அதற்கு வழக்கமான சிகிச்சை. பெரும்பாலான குழந்தைகள் ஓராண்டைத் தாண்டுவதில்லை. இவ்விரண்டுக்கும் நடுவில் கிடக்கும் கட்டிகளில்தான் மருத்துவர்கள் மாறுபடுகிறார்கள். ஒரு மருத்துவமனையில் 'ஆபரேஷன் செய்ய முடியாது' என்று கைவிட்ட நோயாளியை இன்னொன்றில் 'செய்து பார்க்கலாம்' என்று சேர்த்துக்கொள்கிறார்கள். இரண்டு பேச்சுமே நேர்மையானதாக இருக்க முடியும்.

கருவிகளும் இந்த எல்லையை நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. கட்டியை நீல ஒளியில் மிளிரச் செய்யும் 5-ஏஎல்ஏ என்ற மருந்தை வைத்து ஜெர்மனியில் நடந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. மருந்து கொடுக்கப்பட்டவர்களில் 65 சதவீதத்தினருக்கு, ஸ்கேனில் தெரியும் கட்டியை முழுதாக எடுக்க முடிந்தது. வழக்கமான முறையில் அது 36 சதவீதம். ஆனால் கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைக்கட்டி உள்ள நோயாளிக்கு இதனால் கூடுகிற காலம் எவ்வளவு? கதிர்வீச்சோடு டெமோசோலமைடு மாத்திரையைச் சேர்த்ததால் இடைநிலை ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது என்பதே 2005இல் பெரிய முன்னேற்றமாகக் கொண்டாடப்பட்டது. ஆதாயம் மாதக்கணக்கில் இருக்கும்போது, அதற்காகப் பேச்சையோ ஒரு பக்கத்துக் கைகாலையோ இழக்கலாமா என்ற கேள்வியை ஸ்கேன் படம் தீர்த்துவைக்காது. கேள்வி நோயாளியுடையது. அதை அவர் முன் யார், எப்போது, எந்த மொழியில் வைக்கிறார்கள் என்பதில்தான் ஒழுங்குமுறையின் தரம் தெரியும்.

ஓர் ஊரை வைத்து இதைப் பார்க்கலாம். ஐதராபாத்தின் தார்நாகாவில் வசிக்கும் ஒருவருக்கு மூளைக்கட்டிச் சிகிச்சை எட்டாத தூரத்தில் இல்லை. செகந்திராபாத் காந்தி மருத்துவமனை பக்கம்தான். பஞ்சகுட்டாவிலுள்ள நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்துக்கு, அதாவது நிம்ஸுக்கு, மெட்ரோவில் ஏறி அமீர்பேட்டையில் மாறினால் அடுத்த நிலையம். அரசுப் பேருந்துக் கழக ஊழியர்களுக்குத் தார்நாகாவிலேயே ஆர்டிசி மருத்துவமனை இருக்கிறது. உயர் சிகிச்சைக்கு அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ரேஷன் அட்டைக் குடும்பங்களுக்கு மாநில அரசின் இலவசச் சிகிச்சைத் திட்டமான ஆரோக்யஸ்ரீ இருக்கிறது. 2007 ஏப்ரலில் ஒன்றுபட்ட ஆந்திரத்தின் 3 மாவட்டங்களில் தொடங்கிய அத்திட்டத்தின் உச்சவரம்பு, தெலங்கானாவில் 2023 டிசம்பரில் 10 லட்சம் ரூபாயாக உயர்ந்தது.

இந்த ஏற்பாட்டின் பலத்தைக் குறைத்துப் பேசக் கூடாது. மண்டையோட்டைத் திறக்கும் அறுவையைத் தினக்கூலிக் குடும்பம் ஒன்று கடன் வாங்காமல் செய்துகொள்ளும் நிலை ஒரு தலைமுறைக்கு முன் இல்லை. எந்த ஒரு நிபுணரும் முடியாது என்று சொல்லிக் கதவை அடைத்துவிட முடியாது என்பதும் ஒரு நன்மைதான். நிம்ஸில் முடியாது என்றால் கார்ப்பரேட் மருத்துவமனைக்குப் போகலாம். அங்கும் இல்லையென்றால் வேலூருக்கோ சென்னைக்கோ ரயில் ஏறலாம். துணிந்து செய்யும் மருத்துவரைத் தேடிப்போகும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது. அரிய கட்டிகளில் கைப்பழக்கம் இப்படித்தான் சேர்கிறது. அதே சமயம், 2025இல் நிலுவைத் தொகை வரவில்லை என்று தனியார் மருத்துவமனைகள் ஆரோக்யஸ்ரீ சேவையை நிறுத்திவைத்தபோது, இந்த உரிமை அரசுக் கருவூலத்தை நம்பி நிற்பதும் வெளிப்பட்டது.

முன்னனுமதி என்ற ஒன்று ஆரோக்யஸ்ரீயில் ஏற்கெனவே உண்டு. மருத்துவமனை ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் பதிவேற்றுகிறது; திட்டத்தை நடத்தும் அறக்கட்டளையின் மருத்துவர்கள் பார்த்து ஒப்புதல் தருகிறார்கள்; அதற்குப் பிறகே அறுவை. ஆனால் அந்தக் கதவு முதன்மையாகப் பணத்துக்கான காவல். சிகிச்சை தொகுப்புப் பட்டியலில் இருக்கிறதா, காகிதங்கள் சரியா, நோய் உண்மையா என்று அது கேட்கிறது. இந்த நோயாளிக்கு, இந்த மருத்துவர் கையில், இந்த அறுவை வேண்டுமா என்று கேட்பது அதன் வேலையாக வகுக்கப்படவில்லை. ரொக்கம் கட்டுபவருக்கு அந்தக் கதவும் கிடையாது.

தார்நாகாவிலேயே இதற்கு நேர்மாறான ஒரு நடைமுறையைப் பார்க்கலாம். 1918இல் குன்னூரில் தொடங்கி 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வரும் அந்த நிறுவனத்தில் மனிதர்களை வைத்து எந்த ஆய்வு செய்தாலும், கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி முதலில் அறநெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். புதிய மருந்தைச் சோதிப்பவர் 2019இன் விதிகளின்படி, தீங்கு நேர்ந்தால் இழப்பீடும் தர வேண்டும். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மூளைத்தண்டைத் திறக்கும் அறுவைக்கு அறுவை நிபுணரின் முடிவும் ஒரு கையெழுத்தும் போதும். மாத்திரைக்கு முன்கூட்டியே கேள்வி கேட்கும் சட்டம், கத்தியை எல்லாம் முடிந்த பிறகே விசாரிக்கிறது. இந்திய நடைமுறையின் அடிப்படைக் குறை இதுதான்.

முடிந்த பிறகு விசாரிப்பது எப்படியிருக்கும் என்பதற்கு ஐதராபாத்திலேயே நாடறிந்த சான்று உண்டு. 1990 அக்டோபரில், 20 வயதுப் பொறியியல் மாணவர் ஒருவர் நிம்ஸில் அனுமதிக்கப்பட்டார். கட்டி மூளையில் இல்லை; நெஞ்சறைக்குள், முதுகெலும்பை ஒட்டி. பரிசோதனைக்காகத் திசு எடுக்கவே ஒப்புதல் பெறப்பட்டிருந்தது. அறுவை அரங்கில் கட்டியையே அகற்றினார்கள். நரம்பு மண்டலத்தைத் தொடக்கூடிய அந்த அறுவையில் நியூரோசர்ஜன் யாரும் உடனில்லை. மாணவருக்கு இடுப்புக்குக் கீழே இயக்கம் போயிற்று. தேசிய நுகர்வோர் ஆணையம் 1999இல் 15.5 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. உச்ச நீதிமன்றம் 2009 மே மாதம் அதை 1 கோடியாக உயர்த்தியது. தொகை அன்றைய செய்தித்தாள்களில் பெரிதாகப் பேசப்பட்டது. கவனிக்க வேண்டியது வேறு. ஒப்புதலின் எல்லை எதுவரை, நியூரோசர்ஜன் எங்கே என்ற இரண்டு கேள்விகளையும் அறுவைக்கு முந்தைய நாள் ஒரு மேசையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் கேட்டிருக்கலாம். நீதிமன்றத்தில் அவற்றுக்கு விடை கிடைக்க 19 ஆண்டுகள் ஆயின.

சட்டத்தின் மற்ற வழிகளும் இப்படிப் பின்னால் வருபவையே. கடும் கவனக்குறைவு இருந்தாலொழிய மருத்துவர் மீது குற்றவழக்கு கூடாது என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் தீர்ப்பானது. அது நியாயமானதும்கூட, ஒவ்வொரு மரணத்துக்கும் காவல்நிலையம் ஏற வேண்டுமென்றால் கடினமான கட்டியைத் தொட யாரும் வரமாட்டார்கள். எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்கிறது 1995இன் தீர்ப்பு. ஆக, மிகவும் ஏழையான நோயாளிக்கு அந்த வாசல் இல்லாமல் போகிறது. ஒப்புதலைப் பற்றிய சமீரா கோலி தீர்ப்பு, பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது என்று 2008இல் உறுதி செய்தது. ஆனால் எந்த அளவுக்குத் தகவல் சொல்வது என்பதை மருத்துவ வழக்கத்தின் கையிலேயே விட்டது. மாநில மருத்துவக் கவுன்சில் புகாரை 6 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2002இன் ஒழுக்க விதிகள் சொல்கின்றன. கவுன்சிலின் முடிவு பிடிக்காவிட்டால் மேல்முறையீடு செய்யும் வழியை 2019இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் தன் 30ஆம் பிரிவில் மருத்துவருக்குத் தந்திருக்கிறது. புகார் கொடுத்த நோயாளிக்குத் தரவில்லை. இதற்குச் சமாதானம் சொல்வது கடினம்.

முன்கூட்டியே தடுக்கும் ஒழுங்குமுறை எப்படியிருக்கும் என்பதை ஆஸ்திரேலியாவில் பார்க்கலாம். மற்றவர்கள் கைவிட்ட கட்டிகளை அறுப்பதில் பேர்போன சிட்னி நியூரோசர்ஜன் சார்லி டியோவுக்கு 2021 ஆகஸ்ட்டில் கட்டுப்பாடு வந்தது. மறுபடி வளர்ந்த புற்றுக்கட்டிகளையும் மூளைத்தண்டுக் கட்டிகளையும் தொடுவதற்கு முன், தொடர்பில்லாத வேறொரு நிபுணரின் எழுத்துவழி ஆதரவை அவர் பெற வேண்டியிருந்தது. மூளைத்தண்டுக் கட்டிக்காக அவர் அறுவை செய்த இரண்டு பெண்களின் விஷயத்தில் அவரது தொழில்நடத்தை திருப்தியில்லை என்று 2023 ஜூலையில் விசாரணைக் குழு கண்டது. ஆபத்தை நோயாளிகளுக்குப் போதிய அளவு விளக்கவில்லை என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஆனால் அவரால் ஆண்டுகள் கூடப் பெற்றதாகச் சொல்லும் நோயாளிகளும் திரளாக வந்து ஆதரித்தார்கள். முடிவில் உள்நாட்டில் அவரது அறுவைப்பணி முடங்கியது, வெளிநாடுகளில் தொடர்ந்தது. வசதியுள்ள நோயாளி விமானம் ஏறலாம், மற்றவருக்கு அந்த வழியும் இல்லை.

இந்த மாதிரியை அப்படியே தெலங்கானாவுக்குக் கொண்டுவர முடியாது. கார்ப்பரேட் மருத்துவமனையில் இரண்டாவது கையெழுத்தைப் பக்கத்து அறையில் வாங்கிவிடுவார்கள். மாவட்ட நகரத்தில் கையெழுத்திட இன்னொரு நியூரோசர்ஜன் இருக்கமாட்டார். போட்டியாளரின் கையில் தடையதிகாரம் போனால், புதிதாக முயல்பவர் முடங்குவார்.

இங்கே பொருந்தக்கூடியது வேறு: வேறொரு நிறுவனத்து நிபுணரின் கருத்து எழுத்தில் கட்டாயம் வேண்டும், ஆனால் அது அறுவையைத் தடுக்காது. அவர் வேண்டாம் என்று எழுதினாலும் அறுவை நடக்கலாம், அந்தத் தாளை நோயாளியும் உடனிருக்கும் உறவினரும் தெலுங்கிலோ உருதுவிலோ, செகந்திராபாத் தமிழரானால் தமிழிலோ கேட்டறிந்த பிறகு. அறுவை அரங்கின் வாசலில் ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் அதோடு நிற்கும். மூளைக்குள் நீர் அடைத்து நினைவு தப்பிய நோயாளிக்கு இதில் விலக்கு வேண்டும். தொலைவிலிருந்து கருத்துச் சொல்ல 2020 மார்ச்சின் தொலைமருத்துவ நெறிமுறை இடம் தருகிறது. தேசியப் புற்றுநோய் வலையமைப்பு 2012 முதல் இருக்கிறது. பல துறையினர் கூடிப் பேசும் டியூமர் போர்டு பெரிய மருத்துவமனைகளுக்குப் புதிதல்ல. குறைவது கட்டாயமும் அதற்கான கட்டணமும்தான். ஆரோக்யஸ்ரீயின் மூளைக்கட்டித் தொகுப்பில் இரண்டாம் நிபுணரின் கருத்துக்கு ஒரு தொகையை ஒதுக்கி, அந்தத் தாள் இல்லாமல் முன்னனுமதி இல்லை என்று ஆக்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம், மாநில அரசின் ஓர் ஆணை போதும்.