ஆண்டுக்கொரு சுவை

சான்பிரான்சிஸ்கோவின் ஆங்கர் பீர் ஆலை 1975 முதல் குளிர்காலந்தோறும் கிறிஸ்மஸ் ஏல் காய்ச்சி விற்றது. ஆண்டுதோறும் செய்முறை மாறும். புட்டியில் ஒட்டிய மரத்தின் படமும் மாறும். வாசனைப் பொருள்கள் இன்னவை என ஆலை வெளியிட்டதில்லை. புதுமை என இதைப் போற்றலாம். ஆயினும் மசாலை மிகுமிடத்து, முளைகட்டி வறுத்த வாற்கோதுமையின் இனிமை ஒடுங்கிப்போவது குறையே. குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பருகுவோர்க்கு அக்குறை புலப்படாது. குளிர்ச்சி நாவை மரக்கச் செய்துவிடும். வாயகன்ற குவளையில் ஊற்றிச் சிறிது நேரம் பொறுத்தால்தான், காய்ச்சிய சர்க்கரைப் பாகின் மணமும் அதன்மேல் ஏறி நிற்கும் மசாலையும் தனித்தனியே தெரியும். சென்ற ஆண்டுச் சுவையைக் கடையில் மீண்டும் பெற இயலாதாகையால், வீட்டில் சேமித்த புட்டிகளே சுவைஞர்க்கு அளவுகோலாயின. 2023இல் ஆலை மூடப்பட்டது. 2022ஆம் ஆண்டுப் புட்டிகளைத் திறவாமல் காப்போர், ஹாப்ஸ் பூவின் மணமும் கசப்பும் நாளடைவில் மங்கும் என்பதைக் கருதுதல் வேண்டும்.