கெர்னல் லாகில் முகவரி கசியலாமா?

லினக்ஸ் கெர்னலில் பாயிண்டரை அச்சிட முன்பு ‘%பி’ என்று போட்டால் போதும், நினைவக முகவரி அப்படியே லாகில் வந்து விழும். பல ஆண்டுகள் இதுதான் வழக்கமாக இருந்தது. 2014-இல், 3.14 பதிப்பில், கேஏஎஸ்எல்ஆர் வந்ததும் இந்த வழக்கம் ஆபத்தாகிவிட்டது. ஒவ்வொரு பூட்டிலும் கெர்னலை வேறு இடத்தில் ஏற்றித் தாக்குபவரைத் திணறடிப்பது அந்த ஏற்பாடு. ஆனால் மொத்த இமேஜும் ஒரே அளவுதான் நகர்கிறது. ஒரேயொரு ஃபங்ஷனின் முகவரி லாகில் தெரிந்தாலும், கழித்துப் பார்த்து மற்ற எல்லாவற்றையும் பிடித்துவிடலாம்.

2011-இல் வந்த ‘%பிகே’ அனுமதி இல்லாதவருக்குப் பூஜ்யங்களைக் காட்டும். ‘ப்ராக்’ கோப்புகளுக்கு அது பொருந்தும். லாகுக்குப் பொருந்தாது: எழுதும் நேரத்தில் ஓடும் ப்ராசஸ் ஒன்று, பிறகு வந்து படிப்பவர் வேறொருவர். போதாததற்கு, ஒவ்வொரு டிரைவர் எழுதுபவரும் அதை நினைவில் வைத்துப் போட வேண்டும். யார் வைப்பார்?

2018 ஜனவரியில் வெளியான 4.15 இதைத் தலைகீழாக்கியது. ‘%பி’ அச்சிடப்பட்ட சுமார் 14,000 இடங்களைத் தேடித் திருத்தாமல், ‘%பி’யின் பொருளையே மாற்றினார்கள். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் ஒரு ரகசியச் சாவி; அதைக் கொண்டு சிப்ஹேஷ் என்ற முறையில் முகவரி ஹேஷாக மாற்றி அச்சிடப்படும். 64 பிட் கணினியில் பதினாறு இலக்கங்களில் முதல் எட்டும் பூஜ்யம். மறந்தவரும் பாதுகாப்பாக இருக்கிறார் என்பதுதான் இதன் பெரிய பலம். ஒரே பாயிண்டருக்கு அந்த பூட் முழுக்க ஒரே ஹேஷ் வருவதால், ஒதுக்கிய நினைவகத்தையும் விடுவித்ததையும் லாகில் பொருத்திப் பார்க்கவும் முடிகிறது.

குறைகளும் உண்டு. ஒரு ஸ்ட்ரக்சரின் தொடக்கமும் அதற்குள் 16 பைட் தள்ளியுள்ள ஃபீல்டும் லாகில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எண்களாகத் தெரியும். நினைவகச் சிதைவைத் துரத்துபவருக்கு இது பெரும் தலைவலி. அலுத்துப்போனவர் ‘%பிஎக்ஸ்’ போட்டு அசல் முகவரியை அச்சிடுவார், அல்லது பாயிண்டரை வெறும் எண்ணாக மாற்றி அச்சிடுவார். இரண்டாவதை ‘%பி’யின் ஹேஷ் தொடவே தொடாது. கெர்னல் ‘ஊப்ஸ்’ ஆகும்போது கொட்டும் ரெஜிஸ்டர் மதிப்புகளும் பச்சையாகத்தான் வருகின்றன. அதே 2018 ஜனவரியில் அம்பலமான மெல்ட்டவுன் என்ற ப்ராசசர் குறை, லாகைத் தொடாமலே கெர்னல் நினைவகத்தைப் படிக்கலாம் என்று காட்டியது. கதவைப் பூட்டிய மாதத்திலேயே சுவரில் ஓட்டை தெரிந்தது.

அதற்காகப் பூட்டு வீண் என்று ஆகாது. அந்த ஓட்டையை அடைப்பது வேறு வேலை. இலவசமாகக் கிடைக்கும் முகவரியை நிறுத்தியது என் கணக்கில் சரியான முடிவே. 2021-இல், 5.12 பதிப்பில், ஹேஷை நிறுத்தும் பூட் ஆப்ஷன் வந்துவிட்டது. போட்டால் பெரிய எச்சரிக்கையும் லாகில் வரும். சோதனைக் கணினியில் அதைப் பயன்படுத்துங்கள். டிரைவர் எழுதுபவர்கள் ‘%பிஎக்ஸ்’ஸைத் தொடும்முன், ஃபங்ஷன் பெயரைக் காட்டும் ‘%பிஎஸ்’ போதாதா என்று பாருங்கள். சர்வரைப் பராமரிப்பவர்கள், சாதாரணப் பயனர் கெர்னல் லாகைப் படிக்க முடியாதபடி அமைத்துவிடுங்கள்.