ஆபீஸ் விட்டு வந்த சாம்பியன்கள்

டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரை நிறுத்தும்போது ஹேண்டில்பாரில் இரண்டு பை தொங்கும். ஒன்றில் காலி டிபன் டப்பா. இன்னொன்றில் ஷூவும், வேர்வை காய்ந்து விறைத்துப்போன நீ-கேப் இரண்டும். விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு வேலைக்கு வந்த வாலிபால்காரர். ஆபீஸ் விட்டால் வினய் மார்க் மைதானம், அங்கிருந்து வீடு. நாடாளுமன்றம் கூடும் மாதங்களில் மட்டும் ஒரு பைதான். "பார்லிமெண்ட் கொஸ்டின் சார், பிராக்டிஸ் போச்சு" என்றபடி படியேறிவிடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரை உட்காரவைத்து 1996-ல் நடந்த ஒரு ரக்பி ஆட்டத்தின் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். ரக்பி அவருக்குப் புதிது. இருந்தும் இருபது நிமிஷத்துக்குள் சொல்லிவிட்டார்: "இவங்களுக்கு மூச்சு போச்சு சார்." நான் ஒரு பத்தி முழுக்க எழுத வைத்திருந்ததை மனிதர் ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மூச்சு போனவர்கள் சாதாரண அணி இல்லை. இங்கிலாந்தின் தென்மேற்கே ஏவன் ஆற்றங்கரையில் இருக்கும் பாத் நகரத்து கிளப். 1984-க்கும் 1996-க்கும் இடையில் பத்து முறை இங்கிலாந்துக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குப் போய், பத்து முறையும் ஜெயித்த அணி. 1987-ல் கிளப்களுக்கான லீக் போட்டி தொடங்கியதிலிருந்து ஒன்பது சீசனில் ஆறு பட்டம். இத்தனையும் ஆட்டத்துக்கென்று ஒரு பைசா சம்பளம் வாங்காமல். பாத் ஆடியது ரக்பி யூனியன் என்னும் வகை; அன்று அதில் காசு வாங்கினால் தடை.

அப்படியானால் சாப்பாட்டுக்கு? ஜெரமி கஸ்காட், அந்தத் தலைமுறையின் மிக அழகான சென்டர், ஊரில் செங்கல் அடுக்கியிருக்கிறார், பஸ்ஸும் ஓட்டியிருக்கிறார். ஃபுல்பேக் ஜோனதன் வெப் அறுவைச் சிகிச்சை டாக்டர். அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்த ஜான் காலர்ட் பள்ளி ஆசிரியர். 1994 வரை பயிற்சி கொடுத்த ஜாக் ரோவெல் உணவுப்பொருள் தொழிலில் உயர் நிர்வாகி. பகலில் ஆளுக்கொரு வேலை, சாயங்காலம் சேற்றில் ஒன்றாகப் புரளல். சனிக்கிழமை ஆட்டத்தைவிட அந்தப் பயிற்சிதான் கடுமை என்று ஆட்டக்காரர்களே பின்னாளில் சொன்னதுண்டு. இடத்துக்கு இரண்டு பேர் போட்டியிட்டால் சோம்பலுக்கு வழியேது?

எல்லாரும் சாதுக்கள் என்று நினைத்துவிட வேண்டாம். லெஸ்டர் கிளப்பின் டீன் ரிச்சர்ட்ஸ், தொழிலில் போலீஸ்காரர், 1988-ல் இங்கிலாந்து-ஸ்காட்லாந்து ஆட்டம் முடிந்த இரவு ஸ்காட்லாந்து ஆட்டக்காரர் ஜான் ஜெஃப்ரியோடு சேர்ந்து, அந்த ஆட்டத்துக்கான பரிசான கல்கத்தா கோப்பையை எடின்பரோ தெருவில் உதைத்து நசுக்கினார். நம் கல்கத்தாவின் ரக்பி கிளப் 1878-ல் கலைந்தபோது, மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பை அது. மூடியில் யானை, பிடிகளாக மூன்று நாகம். ஜெஃப்ரிக்கு ஆறு மாதத் தடை, ரிச்சர்ட்ஸுக்கு ஓர் ஆட்டம். சம்பளமே இல்லாதவனிடம் அபராதம் எங்கே பிடிப்பது?

வீடியோவுக்கு வருவோம். அதற்கு ஒரு பழங்கதை உண்டு. 1895-ல், ஆட்டத்துக்காக வேலைக்குப் போகாத நாளின் கூலியைக் கொடுங்கள் என்று கேட்டு வட இங்கிலாந்து கிளப்கள் பிரிந்துபோயின. அவர்கள் ஆட்டம்தான் ரக்பி லீக். சரியாக நூறு வருஷம் கழித்து, 1995 ஆகஸ்டில், யூனியனும் காசுக்குக் கதவைத் திறந்தது. ஆனால் இங்கிலாந்து கிளப்கள் ஒரு சீசன் பொறுக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில்தான் பாத், ரக்பி லீக்கின் சாம்பியனான விகான் கிளப்போடு மோதியது. விகான்காரர்களுக்குத் தினமும் பயிற்சிதான் உத்தியோகம்.

1996 மே 8, மான்செஸ்டர், லீக் விதிகள். விகான் 82, பாத் 6. எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றுவதுதான் டிரை; விகானின் மார்ட்டின் ஆஃபியா ஒருவரே ஆறு வைத்தார். பாத்துக்கு ஆறுதல் காலர்ட் வைத்த ஒரே டிரை.

திறமை போதாமல் தோற்கவில்லை. கபடியில் பிடிபட்டவர் வெளியே போய் மூச்சு வாங்கலாம். லீக் ரக்பியில் பிடிபட்டவர் எழுந்து பந்தைக் காலால் பின்னே தள்ளிவிட வேண்டும்; தடுப்பவர்கள் பத்து மீட்டர் பின்னே ஓடி, மறுபடி முன்னே பாய வேண்டும். இப்படி ஆறு முறை, பிறகு எதிரணிக்கு ஆறு. பதின்மூன்று பேரும் எண்பது நிமிஷமும் நிற்காத ஓட்டம். சாயங்காலப் பயிற்சியில் வளர்ந்த நுரையீரலுக்கு இது ஆகிற காரியமா?

மே 25, ட்விக்கனம், யூனியன் விதிகள். பாத் 44, விகான் 19. ஸ்க்ரம் என்பது கயிறு இழுக்கும் போட்டியைத் தலைகீழாக்கியது மாதிரி: எட்டுக்கு எட்டு, இழுப்பதற்குப் பதில் தள்ளல். அதில் பாத்தின் முன்வரிசை பழம் தின்று கொட்டை போட்டது. ஆனாலும் பிற்பாதியில் கையில் பந்து சிக்கியபோதெல்லாம் விகான் ஓடத்தான் செய்தது. இரண்டு ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் என் கணக்கு இதுதான்: நுணுக்கத்தை ஆபீஸ் நேரத்துக்குப் பிறகும் கற்றுக்கொள்ளலாம், மூச்சைப் பிடித்துவைக்க முழு நாள் வேண்டும்.

பிறகு பணம் வந்தது. தொழிலதிபர் ஜான் ஹாலின் பணத்தில் எழுந்த நியூகாசில் 1998-ல் யூனியன் கிளப்களின் லீக் போட்டியை வென்றது. அதே வருஷம் பாத் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது நிஜம். ஆனால் அந்த லீக் போட்டியில் அடுத்த பட்டத்துக்கு 2025 ஜூன் 14 வரை, 29 வருஷம், காத்திருந்தது. லெஸ்டரை 23-21 என்று வென்றது.

அதே மாதம் மும்பையில் நம் ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் சீசன் நடந்தது. இறுதியில் சென்னை புல்ஸ் 41, டெல்லி ரெட்ஸ் 0. டெல்லித் தமிழன் எந்தப் பக்கம் கைதட்டுவது என்று நான் குழம்பி முடிப்பதற்குள் ஆட்டமே முடிந்துவிட்டது. 2020 செப்டம்பரில் மத்திய அரசின் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலை 43-லிருந்து 63 ஆக்கியபோது ரக்பியும் சேர்ந்தது, கயிறு இழுத்தலும் சேர்ந்தது. இங்கிலாந்தில் ரக்பிக்காரன் பகல் வேலையை விட்டுக் கால் நூற்றாண்டு ஆன பிறகு, இங்கே ரக்பி விளையாடினால் பகல் வேலை கிடைக்கிறது.

அதில் எனக்குக் குறை இல்லை. மாதச் சம்பளம், குவார்ட்டர்ஸ், பென்ஷன் என்று கஸ்காட்டுக்கு யார் கொடுத்தார்கள்? தேசியப் போட்டிகளுக்கு ஆண்டுக்கு 30 நாள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பும் உண்டு. தினப் பயிற்சிக்குத்தான் செக்‌ஷன் அதிகாரியின் மனசு இளக வேண்டியிருக்கிறது. அதனால் துறைக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: ஒதுக்கீட்டில் எடுத்த ஆட்டக்காரர்கள் தினமும் நாலு மணிக்கு மேசையை விட்டு எழுந்து மைதானம் போக, எழுத்தில் ஓர் உத்தரவு போடுங்கள். நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நாட்களையும் சேர்த்து.